தீவிர மனநோயும் கையிலிருக்கும் போனும்: எது எதைச் செய்கிறது?

“எந்நேரமும் போனையே நோண்டிக்கொண்டிருந்தான், அதனால்தான் இப்படி ஆகிவிட்டது.” மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா) வந்த ஓர் இளைஞரின் வீட்டில் யாராவது ஒருவர் எப்படியும் இதைச் சொல்லிவிடுவார். ஆறு மாதம் கழித்து அதே ஆள், “மனநலத்துக்கு ஏதோ ஆப் இருக்கிறதாமே, அதைப் போட்டுக் கொடுத்தால் என்ன?” என்றும் கேட்பார். முதலில் போன் குற்றவாளி. அப்புறம் அதே போன் வைத்தியர். இது போதாதென்று, “இவர்களுக்கெல்லாம் இந்த மெஷின் எங்கே புரியப்போகிறது?” என்று ஒதுக்கிவிடுகிறவர்களும் உண்டு.

மூன்றுமே தவறு. ஏன் என்று புரிய, அந்த நோய் மூளையில் என்ன செய்கிறது என்பது கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். அங்கிருந்தே தொடங்கலாம்.

தீவிர மனநோய் என்பது எது

கவலை, சோர்வு, தூக்கம் வராத இரவுகள் எல்லாம் யாருக்கும் வரும். வேலை, படிப்பு, உறவு, தன்னைத் தானே கவனித்துக்கொள்வது ஆகியவற்றை நீண்ட காலத்துக்கு முடக்கிப்போடும் நோய்களைத்தான் தீவிர மனநோய் என்கிறார்கள். மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, மிகக் கடுமையான மனச்சோர்வு ஆகியவை இதில் முக்கியமானவை.

மனச்சிதைவு உள்ளவருக்கு, பேச ஆளில்லாத இடத்தில் குரல் கேட்கும். அது மாயக்குரல். எவ்வளவு ஆதாரம் காட்டினாலும் அசையாத தவறான நம்பிக்கை ஒன்றும் உருவாகலாம். அதை டெலூஷன் என்பார்கள். இவை வெளியே தெரிபவை. வெளியே அவ்வளவாகத் தெரியாத இன்னொரு பக்கமும் உண்டு: ஊக்கம் வற்றிப்போவது, கவனமும் நினைவும் மங்குவது. இருமுனைக் கோளாறில் சில காலம் மேனியா வரும்; அதாவது தூக்கமே தேவைப்படாத, அளவு மீறிய வேகமும் உற்சாகமும், சிலருக்கு எரிச்சலும். வேறு சில காலம் ஆழ்ந்த சோர்வு.

உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்ன கணக்கில் மனச்சிதைவு ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு, அதாவது சுமார் 2.4 கோடிப் பேருக்கு இருந்தது. இருமுனைக் கோளாறு 2019இல் சுமார் 4 கோடிப் பேருக்கு இருந்தது. ‘பதின்வயதினரின் மனநலத்தைச் சமூக ஊடகம் கெடுக்கிறதா’ என்று செய்திகளில் அடிக்கடி வருமே, அது வேறு விவாதம். அதை இங்கே கொண்டுவந்து ஒட்டினால் குழப்பம்தான் மிஞ்சும்.

எல்லாவற்றுக்கும் மணி அடிக்கும் மூளை

உங்கள் போனில் நோட்டிஃபிகேஷன் அமைப்பு கெட்டுப்போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். குப்பை மெயிலுக்கும் அவசர மணி, பேட்டரி ஒரு சதவீதம் குறைந்தாலும் அவசர மணி, ஒன்றுமே வராதபோதும் அவசர மணி. எடுத்துப் பார்த்தால் எதுவும் இல்லை. ஆனால் மணி மட்டும் உண்மையாகவே அடிக்கிறது. கொஞ்ச நேரத்தில், ‘ஏதோ நடக்கிறது, எனக்குத்தான் புரியவில்லை’ என்று தோன்ற ஆரம்பித்துவிடும்.

மூளையிலும் ‘இது முக்கியம், கவனி’ என்று குறி போடும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதில் டோபமைன் என்ற வேதிப்பொருளுக்குப் பெரிய பங்கு. மனச்சிதைவில் இந்த டோபமைன் தேவையில்லாத நேரத்தில் சுரந்து, சாதாரண விஷயங்களுக்கும் முக்கியத்துவக் குறியைப் போட்டுவிடுகிறது என்று 2003இல் மனநல மருத்துவர் ஷிதிஜ் கபூர் விளக்கினார். எதிரே வந்தவர் இருமியது, காரின் நம்பர், திரையில் வந்த ஒரு சொல் எல்லாமே தனக்கென்று அனுப்பப்பட்டதுபோல் கனக்கும். இத்தனை மணிகளுக்கும் சேர்த்து மனம் ஒரு காரணம் தேடுகிறது. கிடைக்கும் காரணம்தான் டெலூஷன். இன்று புழக்கத்தில் உள்ள பெரும்பாலான மனச்சிதைவு மருந்துகள் டோபமைனின் வேகத்தைத் தணிப்பவை. மணி ஓய ஓய, அதைச் சுற்றிக் கட்டிய கதையும் மெல்லத் தளரும், உடனே கலைந்துவிடாது.

சரி, அந்தக் கதைக்குச் சரக்கு எங்கிருந்து வருகிறது? அவரவர் வாழும் காலத்திலிருந்து. லண்டனில் பெத்லெம் மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டிருந்த ஜேம்ஸ் டில்லி மாத்யூஸ் என்ற தேயிலை வியாபாரி, ஒரு கும்பல் ‘காற்றுத் தறி’ என்ற இயந்திரத்தால் தன் மனத்தை ஆட்டிவைப்பதாக நம்பினார். அந்த இயந்திரத்தைப் படமாகவும் வரைந்து காட்டினார். அவருடைய கதை 1810இல் அச்சாகி வெளிவந்தது. தறியும் நீராவியும் கோலோச்சிய காலம் அது. 1919இல் வியன்னாவின் மனப்பகுப்பாய்வாளர் விக்டர் டவுஸ்க், தங்களை ஓர் இயந்திரம் இயக்குவதாகச் சொன்ன நோயாளிகளைப் பற்றி எழுதியபோது கம்பி, பேட்டரி, பொத்தான் எல்லாம் வந்துவிட்டன. பிறகு ரேடியோ, தொலைக்காட்சி, செயற்கைக்கோள், உடம்பில் வைத்த சிப். இன்று வைஃபை, போன், செயற்கை நுண்ணறிவு.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: மணியை அடிப்பது நோய். கதைக்குப் பாத்திரங்களைத் தருவது காலம். “போனில் என்னை உளவு பார்க்கிறார்கள்” என்று ஒருவர் சொல்வதாலேயே போன்தான் நோயைக் கொண்டுவந்தது என்று ஆகாது. மரபணு, பிறப்பின்போது ஏற்பட்ட சிக்கல்கள், கஞ்சா, கடும் மன அழுத்தம் என்று பல காரணங்கள் சேர்ந்து வரும் நோய் இது.

ஆனால் போன் நிஜமாகவே பின்தொடர்கிறதே

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. என் பார்வையில், இந்தப் பொருளில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான்.

‘டிவியில் செய்தி வாசிப்பவர் என்னிடம் பேசுகிறார்’ என்று ஒருவர் ஒரு காலத்தில் சொன்னால், அது முழுக்கப் பொய் என்று தயங்காமல் சொல்லிவிடலாம். ஒளிபரப்பு எல்லோருக்கும் ஒன்றுதான். இன்றைய திரை அப்படி இல்லை. நேற்று ஒரு பொருளைத் தேடினால் இன்று அதன் விளம்பரம் நீங்கள் போகிற தளத்துக்கெல்லாம் கூடவே வருகிறது. ஒரு காணொளியை முழுதாகப் பார்த்தால் அடுத்து அதே ரகத்தில் பத்து வரிசை கட்டுகின்றன. ஆப்கள் இருக்கும் இடத்தைக் கேட்கின்றன, மைக்கைக் கேட்கின்றன. ‘உங்களுக்காக’ என்று திரையே தலைப்புப் போட்டுக் காட்டுகிறது. கணக்குக்குள் நுழையப் போனால், ‘நான் ரோபோ இல்லை’ என்று நிரூபிக்கச் சொல்கிறது. நமக்கு அது எரிச்சல். யாரோ தன்னைச் சோதிக்கிறார்கள் என்று ஏற்கெனவே நம்புகிறவருக்கு அது என்னவாகத் தெரியும் என்று நினைத்துப் பாருங்கள்.

பரிந்துரை அல்காரிதம் என்பது இதன் பின்னால் இருக்கும் நிரல்: நீங்கள் எதில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று பார்த்து, அடுத்து எதைக் காட்டினால் இன்னும் நிற்பீர்கள் என்று கணிப்பது. அதற்கு உங்களைத் தெரியாது, உங்கள் மேல் அன்போ பகையோ கிடையாது. ஆனால் பயத்தோடு ‘ரகசியக் கண்காணிப்பு’ என்று தேடுகிறவருக்கு ரகசியக் கண்காணிப்பையே மேலும் மேலும் ஊட்டும். அல்காரிதம் டெலூஷனை உண்டாக்கியது என்று சொல்ல இது போதாது. ஏற்கெனவே முளைவிட்டதற்குத் தண்ணீர் ஊற்றுகிறது என்று சொல்லலாம்.

வீட்டில் இருப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, “போன் உன்னைக் கவனிக்கவே இல்லை, சும்மா இரு” என்று அடித்துச் சொல்வது. அது உண்மையும் இல்லை, உதவியும் இல்லை. “தகவல் சேகரிக்கிறார்கள், உண்மைதான். என்னுடையதும் சேர்த்துத்தான், எல்லோருடையதும். விளம்பரம் விற்பதற்காக. வா, இந்த ஆப்புக்கு எதெதற்கு அனுமதி கொடுத்திருக்கிறாய் என்று பார்த்து அணைத்துவிடலாம்” என்று பக்கத்தில் உட்கார்ந்து செட்டிங்ஸைத் திறப்பது வேறு வகைப் பேச்சு. டெலூஷன் அதனால் போய்விடாது. ஆனால் அவர் சொன்னதில் உண்மையாக இருந்த பாதியை நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள் என்பது அவருக்குத் தெரியும். மருத்துவரிடம் போகலாம் என்று நாளை நீங்கள் கூப்பிடும்போது அது கை கொடுக்கும்.

பயன்படுத்தத் தெரியாதவர்களா?

மனச்சிதைவு போன்ற நோய் உள்ளவர்களில் எத்தனை பேரிடம் செல்போன் இருக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் ஒரு கட்டுரை வந்தது. மொத்தம் 3,227 பேர். எல்லா ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் 66.4 சதவீதம் பேரிடம் போன் இருந்தது. கடைசி இரண்டு ஆண்டுகளின் தரவை மட்டும் எடுத்தால் 81.4 சதவீதம். சிகிச்சைக்குப் போனைப் பயன்படுத்துவது பற்றிக் கேட்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் சரி என்றே சொன்னார்கள். அதற்குப் பிறகு ஸ்மார்ட்போன் எவ்வளவு பரவிவிட்டது என்பது எல்லோருக்கும் தெரியும்.

என்ன செய்கிறார்கள்? நாம் செய்வதைத்தான்: பாட்டு, அரட்டை, செய்தி, விளையாட்டு. அதோடு நமக்குத் தோன்றாத சிலவும். மாயக்குரல் கேட்பவர்கள் பலர் ஹெட்போனில் பாட்டு வைத்துக்கொள்வதுண்டு. அப்போது குரலின் பிடி தளரலாம். இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்த உத்தி. குரலுக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்ற உந்துதல் பேருந்தில் வந்தால், போனைக் காதில் வைத்துக்கொண்டு, “இப்போது முடியாது, அப்புறம் பேசுகிறேன்” என்று சொல்லிவிடுவது. பார்ப்பவருக்கு அது சாதாரணத் தொலைபேசிப் பேச்சு. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சிகிச்சையாளர்களே சொல்லித்தரும் வழி இது. இதில் ஆப்பும் இல்லை, டேட்டாவும் இல்லை. எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான மனநலத் தொழில்நுட்பம் கிடையாது.

நேரில் பேசத் தடுமாறும் பலருக்கு எழுத்து அரட்டை வசதி. யோசித்துப் பதில் போடலாம், முகபாவத்தைப் படிக்க வேண்டியதில்லை. தன்னைப் போலவே குரல் கேட்கும் இன்னொருவரை உள்ளூரில் தேடிக் கண்டுபிடிப்பது கடினம், இணையத்தில் கிடைக்கிறார்கள்.

தடுமாற்றம் வருவது வேறு இடங்களில். ஓடிபி வந்து முப்பது நொடிக்குள் அதைத் தட்ட வேண்டும் என்றால், மருந்தால் மந்தமான கைக்கும் கவனம் நழுவும் மனத்துக்கும் அது ஓட்டப்பந்தயம். கடவுச்சொல் மறந்துபோகும். நோய் முற்றிய நேரத்தில் பயந்துபோய் சிம்மை உடைத்துப் போட்டுவிட்டால், தெளிந்தபின் வங்கிக் கணக்கு, மருத்துவமனைப் பதிவு எல்லாம் பழைய எண்ணில் பூட்டிக் கிடக்கும். ‘அவருக்குப் போன் தெரியவில்லை’ என்று வெளியிலிருந்து பார்ப்பவர் முடிவு கட்டும் பல இடங்களில், அந்தச் சேவையை வடிவமைத்தவருக்குத்தான் அவரைத் தெரியவில்லை.

மேனியாவும் நள்ளிரவுத் திரையும்

இருமுனைக் கோளாறில் சிக்கல் வேறு மாதிரி. இரவு இரண்டு மணி. தூக்கம் இல்லை, களைப்பும் இல்லை. தலைக்குள் பத்துத் திட்டங்கள் ஓடுகின்றன. கடைகள் மூடியிருந்த காலத்தில் விடியும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் யாராவது கவனித்துவிடுவார்கள். இப்போது கார்டு எண் ஏற்கெனவே சேமித்திருக்கிறது. மூன்று கேமரா ஆர்டர் ஆகிறது, உடனடிக் கடன் ஆப்பில் கடன் கிடைக்கிறது, பழைய மேலாளருக்கு ஒன்பது பத்தி மெயில் போகிறது. எல்லாமே தட்டினால் முடிகிற வேலை. மேனியாவில் தீர்ப்பறிவு தளர்ந்துவிடும்; இணையமோ தடைகளை எல்லாம் எடுத்துவிட்ட இடம். இரண்டும் சந்தித்தால் அடி பலமாக விழும்.

தூக்கம் இங்கே வெறும் பக்கக் கதை இல்லை. தூக்கம் குறைவது மேனியாவின் அறிகுறி. மேனியாவைத் தூண்டிவிடும் காரணமும் அதுவே. இரவெல்லாம் திரை என்றால் இந்தச் சுழல் இன்னும் வேகம் பிடிக்கும். ‘போன் கெடுக்கிறது’ என்று சொல்வதில் உருப்படியாக நிற்கும் இடம் எது என்று கேட்டால், இதைத்தான் காட்டுவேன்.

சுருக்கமாக: மனச்சிதைவில் திரை கதைக்குச் சரக்கு தருகிறது, மேனியாவில் திரை வேகத்தடையை எடுத்துவிடுகிறது. ஒரே போன்தான், ஆனால் ஒரே ஆபத்து இல்லை.

போனே முன்கூட்டிச் சொல்லிவிடுமா?

நோய் திரும்பும் முன் பெரும்பாலும் சில அறிகுறிகள் தெரியும்: தூக்கம் மாறும், வெளியே போவது குறையும், பேசுவது நிற்கும். இவை எல்லாவற்றையும் போன் ஏற்கெனவே பதிவு செய்துகொண்டுதான் இருக்கிறது. நடமாட்டம், திரை எப்போது விழித்தது, எத்தனை அழைப்பு என்ற தகவல்களை வைத்து ஒருவரின் நிலையைக் கணிப்பதற்கு டிஜிட்டல் பினோடைப்பிங் என்று பெயர். 2018இல் வந்த ஒரு முன்னோட்ட ஆய்வில், மனச்சிதைவு உள்ள 17 பேரின் போன் தகவலைத் தொடர்ந்து பார்த்தார்கள். நோய் திரும்புவதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் வழக்கத்துக்கு மாறான நடத்தை, அதற்கு முன்பைவிட 71 சதவீதம் அதிகமாகப் பதிவானது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 17 பேர் என்பதை மறக்கக் கூடாது. வழக்கத்துக்கு மாறான வாரம் என்பது ஊருக்குப் போனதாலும் வரும், காய்ச்சலாலும் வரும். டென்மார்க்கில் இருமுனைக் கோளாறு உள்ளவர்களைத் தினமும் போனில் தங்கள் மனநிலையைப் பதியச் சொல்லி நடந்த சோதனையில், சோர்வோ மேனியாவோ குறிப்பிடும்படி குறையவில்லை. அளப்பதாலேயே நோய் குறையாது.

இதைவிட வினோதமானது 2017இல் நடந்தது. மனச்சிதைவுக்கும் இருமுனைக் கோளாறுக்கும் தரப்படும் அரிபிப்ரசோல் மாத்திரைக்குள் மணல் பருமனில் ஒரு சென்சாரை வைத்து விற்க, அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அனுமதித்தது. மாத்திரை வயிற்றில் கரைந்ததும் சென்சார் உடலில் ஒட்டிய பட்டைக்குச் சொல்லும், பட்டை போனுக்குச் சொல்லும். இதனால் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவது கூடும் என்று நிரூபணம் ஆகவில்லை என்று அந்த மருந்துக் குறிப்பிலேயே இருந்தது. ‘எனக்குள் சிப் வைத்துக் கண்காணிக்கிறார்கள்’ என்று பயப்படுகிறவருக்குச் சிப் வைத்த மாத்திரை! யோசித்தவர்கள் யாரும் நோயாளியிடம் கேட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. சென்சார் தயாரித்த நிறுவனம் 2020இல் திவால் மனு போட்டது.

தகவல் யார் கைக்குப் போகிறது என்பதும் சின்னக் கேள்வி இல்லை. மனநல விவரங்களை விளம்பரத்துக்காகப் பகிர்ந்ததாகச் சொல்லி, 2023இல் ஓர் இணையவழி ஆலோசனைச் சேவையிடம் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 78 லட்சம் டாலர் வசூலித்தது.

ஆப் எப்போது பலிக்கிறது

2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தீவிர மனநோய் உள்ள 163 பேரில் ஒரு பாதிக்கு ஃபோகஸ் என்ற ஆப்பும், மறுபாதிக்கு நேரில் நடக்கும் குழு வகுப்பும் கொடுத்தார்கள். ஆப் கிடைத்தவர்களில் 90 சதவீதம் பேர் சிகிச்சையைத் தொடங்கினார்கள். வகுப்பில் 58 சதவீதம்தான். அறிகுறிகள் குறைந்த அளவில் இரண்டும் ஒன்றுபோலத்தான். அந்த ஆப்போடு, வாரா வாரம் போன் செய்து விசாரிக்கும் ஒரு மனிதரும் இருந்தார் என்பதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

லண்டனில் உருவான அவதார் சிகிச்சையும் இப்படித்தான். மாயக்குரலுக்கு ஒரு முகம் எப்படி இருக்கும் என்று நோயாளியே சொல்ல, கணினியில் அதை உருவாக்குவார்கள். திரையில் அந்த முகம் பேசும். பேசவைப்பவர் அடுத்த அறையில் உள்ள சிகிச்சையாளர். நோயாளி எதிர்த்துப் பேசப் பேச, முகம் மெல்ல இறங்கிவரும். 150 பேரிடம் நடந்த சோதனையில், 12 வாரத்தில் வழக்கமான ஆலோசனையைவிட நல்ல பலன் தெரிந்தது. 24ஆவது வாரத்தில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. ஆலோசனை பெற்றவர்களும் அந்த அளவுக்குத் தேறியிருந்தார்கள்.

ஆக, பலன் தெரிந்த இந்த இரண்டு இடத்திலும் திரைக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார். ஆப் ஸ்டோரில் இறக்கிக் கொடுத்துவிட்டு அப்படியே விட்டால் சில நாளில் அது திறக்கப்படாமல் கிடக்கும்.

சாட்பாட்டிடம் பேசலாமா

இந்தக் கதை புதிது மாதிரித் தெரியும், புதிதில்லை. 1966இல் ஜோசப் வைசன்பாம் எழுதிய எலைசா, நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் ஒரு சின்ன நிரல். அதனிடமே மக்கள் மனம் திறந்தார்கள். 1972இல் கென்னத் கோல்பி என்ற மனநல மருத்துவர், எதையும் சந்தேகிக்கும் நோயாளியைப்போலப் பேசும் பாரி என்ற நிரலை எழுதினார். உண்மையான நோயாளிகளின் பேச்சையும் பாரியின் பேச்சையும் எழுத்தில் காட்டியபோது, மனநல மருத்துவர்களாலேயே சரியாகப் பிரித்தறிய முடியவில்லை. அந்த ஆண்டே இரண்டு நிரல்களையும் கணினி வலைப்பின்னலில் ஒன்றோடொன்று பேசவும் விட்டார்கள்.

இன்றைய சாட்பாட்கள், அதாவது மனிதரைப்போல உரையாடும் செயற்கை நுண்ணறிவு நிரல்கள், அவற்றைவிடப் பல மடங்கு சரளம். ஆபத்தும் அந்தச் சரளத்தில்தான். மனிதரிடம் ஒருவர், “என் போன் வழியாக எனக்குச் செய்தி வருகிறது” என்றால் எதிரே இருப்பவரின் புருவம் ஏறும், பேச்சு தடைபடும், “தூங்கினாயா?” என்ற கேள்வி வரும். அந்தச் சின்னத் தடைகள்கூட ஒருவரை நிறுத்தி யோசிக்கவைக்கலாம். பயனரைத் திருப்திப்படுத்தவே பழக்கப்பட்ட நிரலுக்குப் புருவம் இல்லை. “சுவாரசியமான கோணம், மேலும் சொல்லுங்கள்” என்று விடியற்காலை நான்கு மணிக்கும் அலுக்காமல் பேசும். டெலூஷனுக்கு இடம் உள்ளவர்களிடம் இது தீயை ஊதிவிடலாம் என்று டென்மார்க் மனநல மருத்துவர் சோரன் ஓஸ்டர்கார்ட் 2023இலேயே எச்சரித்தார். பிறகு அப்படிப்பட்ட சம்பவங்கள் செய்திகளில் வந்தன. ‘ஏஐ சைக்கோசிஸ்’ என்ற பெயரும் புழக்கத்துக்கு வந்துவிட்டது; மாயக்குரல், டெலூஷன் போன்றவற்றால் நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோவதுதான் சைக்கோசிஸ். ஆனால் அது மருத்துவ நோய்ப்பெயர் அல்ல. சாட்பாட் தானாக நோயை உண்டாக்குமா, ஏற்கெனவே விளிம்பில் இருப்பவரைத் தள்ளுமா என்பது இன்னும் ஆராயப்படுகிறது. மருந்துப் பக்கவிளைவின் பெயருக்கு அர்த்தம் கேட்பது, விண்ணப்பம் எழுதிக்கொள்வது போன்றவற்றில் பெரிய சிக்கல் இல்லை. இரவெல்லாம் தனியே, ஒரே எண்ணத்தைச் சுற்றிப் பேசிக்கொண்டிருப்பதுதான் கவனிக்க வேண்டியது.

போனைப் பிடுங்குவதா?

பெரும்பாலான குடும்பங்களின் முதல் யோசனை இதுதான். பெரியவர் ஒருவரின் கையிலிருந்து போனைப் பிடுங்கினால் நண்பர்கள், பாட்டு, மருத்துவமனை எண், மாத்திரை நினைவூட்டல் எல்லாம் சேர்ந்து போய்விடும். ‘எனக்கு எதிராகச் சதி’ என்ற நம்பிக்கைக்கு ஒரு நிஜ ஆதாரமும் கிடைத்துவிடும். உயிருக்கு ஆபத்து தெரிகிற நெருக்கடியில் செய்ய வேண்டியது வேறு. அப்போது உடனே மருத்துவ உதவிதான்.

மற்ற நேரத்துக்கு நல்ல வழி, அவர் தெளிவாக இருக்கும்போதே அவரோடு உட்கார்ந்து பேசி எழுதிவைப்பது. ஷாப்பிங் தளங்களில் சேமித்த கார்டை நீக்குவது, ஒரு நாள் செலவுக்கு வங்கியில் வரம்பு வைப்பது, இரவு போன் எந்த அறையில் சார்ஜ் ஆகும் என்பது, கடவுச்சொற்களின் ஒரு நகல் யாரிடம் இருக்கும் என்பது. எத்தனை இரவு தூங்காவிட்டால் யார் மருத்துவருக்கு அழைக்கலாம் என்பதற்கு அவருடைய அனுமதியும் அதில் வேண்டும். அவர் கையெழுத்தில் இருந்தால் இன்னும் நல்லது; மேனியா ஏறும் நாளில், “இது யார் போட்ட சட்டம்?” என்று கேட்டால் காட்டுவதற்கு ஆகும்.